நகலெடுத்த ரவுட்டரில் பிஜிபி நிலைக்காதது ஏன்?

கேள்வி: இயங்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர் ஒன்றின் அமைவுகளை நகலெடுத்துப் புதிய ரவுட்டரில் ஏற்றி, இன்டர்ஃபேஸ் முகவரிகளை மட்டும் மாற்றினோம். இரண்டும் ஒரே ஏ.எஸ். (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்பு) எண்ணைச் சேர்ந்தவை. பிங் போகிறது, ஆனால் அவற்றுக்கிடையே பிஜிபி (ரவுட்டர்கள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) இணைப்பு நிலைக்கவில்லை. காரணம் என்ன? அண்டை ரவுட்டரின் முகவரியாக லூப்பேக் (எந்தக் கம்பியையும் சாராமல் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) முகவரியைத் தரலாமா?

பதில்: பிங் போவதால் முதலில் ரவுட்டர் ஐடியைத்தான் பாருங்கள், நகலோடு அதுவும் சேர்ந்து வந்திருக்கும். டிசிபி 179ஆம் போர்ட்டில் இணைப்பு ஏற்பட்டதும் ஒவ்வொரு ரவுட்டரும் தன் ஏ.எஸ். எண்ணையும் ஐடியையும் ஓப்பன் செய்தியில் அனுப்புகிறது. ஒரே ஏ.எஸ்.ஸுக்குள் இருக்கும் அண்டை ரவுட்டர், பெறும் ரவுட்டரின் ஐடியையே தன் ஐடியாகச் சொன்னால், பெறும் ரவுட்டர் பிழைச் செய்தி அனுப்பி இணைப்பைத் துண்டித்துவிடும். லாகில் இப்பிழை தெளிவாகவே பதிவாகியிருக்கும்.

ஐடி பார்வைக்கு ஐபிவி4 முகவரிபோல இருந்தாலும், அது 32 பிட் அடையாள எண் மட்டுமே. 2011இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6286 என்ற இணையத் தர ஆவணத்தின்படி அது பூஜ்யமாக இல்லாமல், ஏ.எஸ்.ஸுக்குள் தனித்து இருந்தால் போதும். நாம் தராவிட்டால் பல ரவுட்டர்கள் லூப்பேக் முகவரிகளில் பெரியதையும், லூப்பேக் இல்லையென்றால் இன்டர்ஃபேஸ் முகவரிகளில் பெரியதையும் தாமே எடுத்துக்கொள்ளும். இவ்வழக்கத்தை நம்ப வேண்டாம். பின்னாளில் யாரோ ஒரு லூப்பேக்கைச் சேர்த்துவிட்டு ரவுட்டரை மறுதொடக்கம் செய்தால் ஐடியே மாறிவிடக்கூடும். ஐபிவி6 மட்டும் உள்ள ரவுட்டரில் எடுத்துக்கொள்ள முகவரியே இருக்காது என்பதால், அங்கே கைப்பட எழுதுவதே வழி.

ஒரே ஏ.எஸ்.ஸுக்குள் லூப்பேக் முகவரியைத் தருவது நல்லதே. ஓர் இணைப்பு அறுந்தாலும் மாற்றுப் பாதை இருந்தால் பிஜிபி அமர்வு விழாது. ஆனால் அண்டை ரவுட்டரின் முகவரியை எழுதுவதோடு, அமர்வின் மூல முகவரியாகத் தன் லூப்பேக்கைப் பயன்படுத்தும்படி இரு ரவுட்டர்களிலும் குறிப்பிட வேண்டும். இல்லையேல் வெளியேறும் இன்டர்ஃபேஸின் முகவரியோடு வரும் பாக்கெட்டை எதிர்முனை அடையாளம் காணாமல் மறுத்துவிடும். ஏ.எஸ்.ஸுக்குள் வழி காட்டும் ஓஎஸ்பிஎஃப் போன்ற நெறிமுறை வழியாக அந்த லூப்பேக் எட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வேறொரு ஏ.எஸ்.ஸுடன் பேசும்போது டிடிஎல் (பாக்கெட் எத்தனை தாவல் வரை போகலாம் என்ற வரம்பு) வழக்கமாக 1ஆக இருப்பதால், நேரடி இணைப்பு முகவரியே எளிது.

ஹோல்டு டைம் (எதிர்முனையிடமிருந்து செய்தி வராவிட்டால் காத்திருக்கும் நேரம்) இரு முனைகளிலும் வேறுபட்டால் பலரும் அதையே குற்றம் சாட்டுவார்கள். அது தேவையற்ற ஐயம், சிறிய மதிப்பே ஏற்கப்படும். அமர்வுக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால், அது மட்டும் இரு முனைகளிலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஐடியைப் புதிய ரவுட்டரிலேயே மாற்றுங்கள். பழையதில் மாற்றினால் அதன் எல்லா பிஜிபி அமர்வுகளும் அறுந்து மீண்டும் தொடங்கும்.