நீங்கள் கேட்டவை: பென்சில்வேனியா எண்ணெயும் காலிப் பீப்பாயும்

கே: பென்சில்வேனியாவின் ஆயில் க்ரீக் ஓடையில் எண்ணெய் மிதப்பது முன்பே எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க, 1859-இல் அங்கே எண்ணெய்க் கிணறு தோண்டிய டிரேக் புதிதாக என்னதான் செய்தார்?

ப: ஓடையில் வழித்தெடுத்தால் மருந்துப் புட்டியை நிரப்பலாம், விளக்கு எரிக்கும் வியாபாரத்துக்குப் போதாது. உப்புநீர்க் கிணறு தோண்டுகிறவர்களின் முறையை எட்வின் டிரேக் ஓடைக்கரை ஊரான டைட்டஸ்வில்லுக்குக் கொண்டுவந்தார். நீராவி எஞ்சின் கனமான உளியைத் தூக்கித் தூக்கிப் போட, அது பாறையை இடித்துக்கொண்டே இறங்கும். ஆனால் ஓடைக்கரை மண்ணும் சரளையும் சரிந்து, தண்ணீர் புகுந்து, குழி மூடிக்கொண்டே இருந்தது. முதலில் இரும்புக் குழாயை 32 அடி, பாறை தட்டும்வரை அடித்து இறக்கி, அதற்குள்ளே துளையிட்டார். போர் போடுகிறவர்கள் இன்று கேசிங் இறக்குவதும் இதற்காகத்தான். பாறையில் நாளைக்கு மூன்று அடிதான் நகர்ந்தது. 1859 ஆகஸ்ட் 27 அன்று 69½ அடியில் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் பார்த்தால் குழாய்க்குள் எண்ணெய் ஏறி நின்றது. இந்தக் குழாய் உத்திக்கு அவர் காப்புரிமை வாங்காமல் விட்டதுதான் வேடிக்கை. கையிலிருந்ததையும் இழந்த அவருக்கு 1873-இல் மாநில அரசு ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகை கொடுக்க வேண்டியதாயிற்று.

கே: விலை விழுந்தபோது கிணற்றை மூடிவைத்துக் காத்திருக்கலாமே? ஏன் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்?

ப: மூடினால் உங்கள் எண்ணெய் பக்கத்துக்காரர் கிணற்றுக்குப் போய்விடும். நுண்துளைப் பாறைக்குள் அழுத்தம் குறைகிற பக்கம் எண்ணெய் நகரும். மேலே போட்ட வேலி அதற்குத் தெரியாது. சட்டமும் எடுத்தவருக்கே சொந்தம் என்றது. காட்டு விலங்கு எல்லை தாண்டினால் பழைய நிலக்காரருக்கு உரிமை இல்லாததுபோல, எண்ணெய்க்கும் அதே கதிதான் என்று பின்னாளில் பென்சில்வேனியா நீதிமன்றம் விளக்கியது. துண்டு துண்டான பண்ணை நிலங்களில் ஆளுக்கொரு குத்தகை. எல்லை ஓரமாகவே கிணறு வெட்டினார்கள். 1861-இல் பம்பு இல்லாமலே பீறிடும் கிணறுகள் வேறு வந்தன. 1860 தொடக்கத்தில் பீப்பாய் சுமார் 20 டாலர். 1861 முடிவில் 10 சென்ட். காலிப் பீப்பாய் அதற்குள் ஊற்றும் எண்ணெயைவிட விலை கூடியதாகிவிட்டது. கிணறு வெட்டியவர்களில் பலர் அப்போதே நொடித்தார்கள். துளையிடும் செலவில் ஒரு காசும் போடாமல், குத்தகைப் பங்கை மட்டும் வாங்கிய நிலக்காரர் நிலைமை எவ்வளவோ தேவலை.

கே: பிட்ஹோல் என்ற ஊர் ஏன் காணாமல் போனது?

ப: 1865 ஜனவரியில் அங்கே எண்ணெய் பீறிட்டது. மே மாதம் மனை பிரித்தார்கள். செப்டம்பரில் ஏறத்தாழ 15,000 பேர். எல்லாம் அவசரத்தில் அறைந்த பலகை வீடுகள், எண்ணெய் ஊறிய மண். 1866-இல் அடுத்தடுத்துத் தீ, கிணறுகளும் வற்றின. 1870 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 237 பேர்.

கே: வண்டிக்காரர்கள் குழாய்ப் பாதையை உடைத்தது உண்மையா?

ப: உண்மை. சேற்றில் குதிரைவண்டி கட்டிப் பீப்பாய்களை ரயிலடிக்குக் கொண்டுபோக அவர்கள் கேட்டதுதான் கூலி. அதற்கு முன் போட்ட குழாய்கள் இணைப்புகளில் கசிந்து தோற்றிருந்தன. 1865-இல் சாமுவேல் வான் சைக்கிள் 2 அங்குலத் தேனிரும்புக் குழாய்களை மரை திருகி இணைத்து, பிட்ஹோலிலிருந்து ஐந்து மைல் அளவுக்குப் போட்டார், கசியவில்லை. பிழைப்பு போகிற கோபத்தில் வண்டிக்காரர்கள் குழாயைத் தோண்டி உடைத்தார்கள். ஆயுதக் காவல் போட்டுத்தான் ஓட்ட முடிந்தது. லாபம் கிணற்றடியை விட்டு, எண்ணெயைக் கொண்டுசெல்பவர், சுத்திகரிப்பவர் கைக்கு நகரத் தொடங்கிவிட்டது. பின்னாளில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைத் தொடங்கிய ராக்ஃபெல்லர் கிணறு வெட்டி வளர்ந்தவர் அல்ல. சுத்திகரிப்பு ஆலையையும் ரயில் கட்டணச் சலுகையையும் வைத்து வளர்ந்தவர்.

கே: பீப்பாய்க்கு ஏன் 42 கேலன்?

ப: விலை 40-க்கு, வழியில் கசிவதற்கும் ஆவியாவதற்கும் ஈடாக 2 கூடுதல். 1866-இல் உற்பத்தியாளர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு இது. அமெரிக்கக் கேலனில்தான் 42, சுமார் 159 லிட்டர். பிரிட்டிஷ் கேலனில் போட்டால் 35 தான் வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.