படிப்பில் மட்டும் ஒரு சின்னக் குறைகூட இருக்கக் கூடாது என்று தவிக்கிறேன், மற்ற விஷயங்களில் அப்படி இல்லை. இணையத்தில் கிடைத்த ஒரு வினாத்தாளை நிரப்பினேன், 'நடுத்தரம்' என்று வந்தது. நான் பர்ஃபெக்‌ஷனிஸ்ட்தானா? இதை அளக்க முடியுமா?

அளக்கலாம். ஆனால் இணையத்தில் கிடைத்த வினாத்தாளை நிரப்பி 'நடுத்தரம்' என்று வந்ததாகச் சொல்கிறீர்களே, அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நான் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தத் துறையில் அதிகம் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று, கனடாவின் பால் ஹெவிட்டும் கார்டன் ஃப்ளெட்டும் 1991இல் வெளியிட்டது. மொத்தம் 45 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். நம்மிடம் நாமே எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, ஊர் உலகம் நம்மிடம் எதிர்பார்ப்பதாக நாம் நினைப்பது என மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். நல்ல கருவிதான். ஆனால் வாக்கியங்கள் பொதுவானவை.

வகுப்பில் இதைக் கொடுத்தபோது ஒரு மாணவி பேனாவை நிறுத்திவிட்டு, "மேடம், எதுல? படிப்புலயா, வீட்டுலயா?" என்று கேட்டாள். ரெக்கார்ட் நோட்டில் ஒரே ஒரு அடித்தல் விழுந்தாலும், அந்தப் பக்கத்தின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி முதலிலிருந்து எழுதுகிற பெண் அவள். அதே பெண்ணின் ஹாஸ்டல் கட்டிலில் துவைத்த துணி மடிக்காமல் ஒரு வாரம் கிடக்கும், அதைப் பற்றிக் கவலையே கிடையாது. அவள் 4ஐ வட்டமிட்டால் அது நோட்டுக்கா, துணிக்கா?

இதையே ஆராய்ந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் ஸ்டோபரும் உடன் ஆய்வாளரும் 2009இல் வாழ்க்கையை 22 பகுதிகளாகப் பிரித்து, 109 மாணவர்களிடமும் 289 இணையப் பயனாளர்களிடமும் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது வேலை, மாணவர்கள் படிப்பையும் சொன்னார்கள். எத்தனை பகுதிகளில் அப்படி என்பது ஆளுக்கு ஆள் மாறியது. கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் கனடாவில் நடந்த ஆய்விலும் ஒரே ஆளுக்குப் படிப்பில் ஓர் அளவும் விளையாட்டில் அதைவிடக் கூடுதலாகவும் வந்தது. அதனால் உங்கள் நிலைமை விசித்திரமானதே அல்ல.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒரு தாளில் படிப்பு, தோற்றம், நட்பு, வீட்டு வேலை, விளையாட்டு என்று உங்கள் வாழ்க்கையில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு எண்கள். நான் வைத்துக்கொள்ளும் தரம் எவ்வளவு உயரம் என்பது ஒன்று. அதில் தப்பு நேர்ந்தால் என்னை எவ்வளவு அரிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ராண்டி ஃப்ராஸ்ட் குழுவினரின் 1990ஆம் ஆண்டு அளவுகோலும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடு அதிகம் சேர்ந்து வருவது தப்பைப் பற்றிய பயம்தான். உயர்ந்த தரம் வைத்திருப்பதற்காக யாரும் உங்களைத் திருத்த வேண்டியதில்லை.

அப்புறம், பயம் அதிகமுள்ள இடத்தில் யாரை நினைத்துப் பயம் என்றும் எழுதுங்கள். அப்பாவா, பேராசிரியரா, கூடப் படிப்பவர்களா? பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் 1989 முதல் 2016 வரை அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் மாணவர்கள் 41,000க்கும் மேற்பட்டோரின் விடைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மூன்று வகையில் அதிகம் கூடியிருந்தது மற்றவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதாக நினைக்கும் அந்த வகைதான், 33 சதவீதம். என் மாணவர்களிடமும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அதுதான். அவர்கள் ஓய்வெடுப்பதைக்கூடக் குற்றமாக நினைக்கிறார்கள்.

படிப்பு என்ற வரியில் இரண்டாவது எண் மிக அதிகமாக இருந்து, அசைன்மென்ட்டை முடித்தும் கொடுக்க மனம் வராமல் தேதியைத் தவறவிடுகிறீர்கள், தூக்கம் கெடுகிறது என்றால், கல்லூரி ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். போகும்போது இந்தத் தாளையும் கொண்டுபோங்கள். எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியும்.