பெட்டகம்: ஒரு பேஸ்பால் அட்டைக்கு 100 கோடி ரூபாயா?

(பழம்பொருள் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே ஒரு பழைய பேஸ்பால் அட்டை 100 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது என்கிறான். ஒரு அட்டைத் துண்டுக்கா? இதை எப்படி நம்புவது?
– வாசகர், தேவகோட்டை

நம்பித்தான் ஆகணும். பேஸ்பால் அட்டை என்றால், ஆட்டக்காரரின் படம் போட்டுச் சூயிங்கம், சிகரெட் பாக்கெட்டோடு கொடுத்த சின்ன அட்டை, பையன்கள் சேர்த்து வைப்பார்கள். 2022 ஆகஸ்டில் நடந்த ஏலம் அது. டாப்ஸ் என்ற கம்பெனி 1952-இல் போட்ட, மிக்கி மேன்டில் என்ற வீரரின் அட்டை, 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது, அன்றைய நம் கணக்கில் சுமார் 100 கோடி.

ஆனால் மகனிடம் இன்னொன்றும் கேளுங்கள். மேன்டிலின் முதல் அட்டை அது இல்லை. 1951-லேயே பௌமன் கம்பெனி அவருக்கு ஒன்று போட்டுவிட்டது. அப்புறம் 1952 அட்டையிலும், பல வீரர்களைச் சேர்த்து அச்சிடும் பெரிய தாளில் மற்றவர்களில் பெரும்பாலோரை ஒரு தடவை அச்சிட்டபோது அவரை இரண்டு தடவை அச்சிட்டார்கள். ஆக அதே வரிசையில் அவரைவிடக் குறைவாக அச்சான வீரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கோடிக்குக் கேட்பதில்லை. வயசு வைத்துப் பார்த்தாலும், எண்ணிக்கை வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது இல்லையா?

நடந்தது இது. 1952 வரிசையில் மொத்தம் 407 அட்டை. அதைத் தவணை தவணையாக விட்டார்கள். 311-ஆம் எண்ணிலிருந்து வரும் கடைசித் தவணை (மேன்டில்தான் 311) கடைக்கு வந்தபோது ஆட்டக் காலம் முடிகிற நேரம், பையன்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஃபுட்பாலுக்கும் போய்விட்டார்கள், கடைக்காரர்களும் சரக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். பெட்டி பெட்டியாகக் கிடங்கில் கிடந்தது. கடைசியில் 1960-இல் அதைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினோம் என்று அந்த அட்டையை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். இத்தோடு மேன்டில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம், அவரைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைப் பையன்கள் பிற்காலத்தில் கையில் காசு புரளும் ஆட்கள் ஆனார்கள். சரக்கு கொஞ்சம், கேட்கிற கை நிறைய. விலை அங்கேதான் ஏறியது.

குறைவாக இருந்தால் விலை அதிகம், இதுதானே சூத்திரம்?
– வாசகி, பள்ளத்தூர்

பாதி சரி, ஆச்சி. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்து விட்ட அட்டைகளைச் சேகரிப்பவர்கள் டி206 என்பார்கள். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற பிட்ஸ்பர்க் வீரர் தன் படத்தைப் போடக்கூடாது என்று தடுத்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் அட்டைக்காகச் சிகரெட் வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்பார்கள், இல்லை, காசு தராததால் கோபம் என்பார்கள். அவரே புகையிலை மெல்லுகிறவர் என்பதால் இரண்டாவது கட்சிக்கும் ஆள் உண்டு. எப்படியோ, அதற்குள் கொஞ்சம் வெளியே போய்விட்டது. இன்று இருப்பதாகத் தெரிவது ஐம்பது அறுபதுதான். 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

இப்போது எடி பிளாங்க் என்பவரைப் பாருங்கள். அதே வரிசை, அவருடைய அட்டையும் அரிது, அவரும் லேசுப்பட்ட ஆட்டக்காரர் இல்லை. ஆனாலும் வாக்னர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. வாக்னர் 1936-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வான ஐந்து பேரில் ஒருவர், போதாததற்கு அட்டைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கதை இருக்கிற சாமானுக்கு விலை தனி என்பது பெட்டகம் வைத்திருக்கும் வீட்டில் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வரிசையில் விட்டுப்போன ஒன்றுக்கும் இப்படித்தான் மவுசு. 1933-இல் கவுடி என்ற சூயிங்கம் கம்பெனி 106-ஆம் எண்ணை மட்டும் போடவே இல்லை. பையன்கள் அதைத் தேடி கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள், சும்மா சொல்லக்கூடாது, நல்ல வியாபார மூளை. ஐந்தடுக்குத் தூக்குச்சட்டியில் ஒரு அடுக்கு இல்லாவிட்டால் வீட்டில் எவ்வளவு பேச்சு வரும், அவ்வளவு பேச்சு வந்தது. கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் 1934-இல் நாப் லஜோய் என்ற வீரரின் படம் போட்ட அந்த அட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். கடிதத்தோடு கிளிப் போட்டு அனுப்பியதால், இன்று கிடைக்கிற பல அட்டைகளில் அந்தக் கிளிப்பின் தடம் அப்படியே அழுந்தி இருக்கிறது.

நான் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களுக்குச் சாமானில் கொஞ்சம் தேய்மானம், சிராய்ப்பு இருந்தால்தான் பழசு என்று நம்பிக்கை வருகிறது. அட்டையில் மட்டும் மூலை மழுங்கினால் ஏன் விலை விழுகிறது?
– வாசகர், காரைக்குடி

அருமையான கேள்வி. உங்கள் கடையில் இருக்கும் பர்மாத் தேக்குத் தூண் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அட்டை அப்படி இல்லை, ஒரே அச்சில் வந்த நகல்கள். அதனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே அதன் உடம்பு நிலைதான். மூலை கூராக இருக்கிறதா, ஓரம் நார் பிரிந்திருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா அல்லது ஒரு பக்கம் வெள்ளை ஓரம் அகலமாக நிற்கிறதா, மேல்பரப்பில் மடிப்பு உண்டா என்று பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துக் கொடுக்க பிஎஸ்ஏ மாதிரிக் கம்பெனிகள் இருக்கின்றன. அந்த 100 கோடி அட்டை வாங்கியது 9.5.

ஒரு வேடிக்கை. 1952 வரிசையின் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. பெரிய நட்சத்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் பையன்கள் அட்டைகளை எண் வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டார்கள், ரப்பர் அறுத்ததும் அழுக்கு ஏறியதும் மேலே இருந்த பாஃப்கோவைத்தான். அதனால் பழுதில்லாத பாஃப்கோவுக்கு அவருடைய ஆட்டத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத விலை.

மதிப்பெண்ணுக்காகத் திருட்டு வேலையும் நடக்கும். மிகப் பிரபலமான ஒரு வாக்னர் அட்டை, 8 மதிப்பெண் வாங்கி, 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரத்தைத் தானே சீவியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். வேறு அட்டையாக இருந்தால் சீவியது தெரிந்த அன்றே கதை முடிந்திருக்கும்!

சித்தப்பா 1990-இல் அமெரிக்காவிலிருந்து பேஸ்பால் அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்தார். பிரிக்கவே இல்லை. வீடு கட்டலாமா?
– வாசகர், கோட்டையூர்

திண்ணைகூடக் கட்ட முடியாது. 1980-களின் கடைசியில் ஆளாளுக்கு அட்டை முதலீடு என்று கிளம்ப, கம்பெனிகள் அடித்துத் தள்ளின, வாங்கியவர்களும் சித்தப்பா மாதிரியே பத்திரப்படுத்தினார்கள். 1952 அட்டையைக் கம்பெனி கடலில் கொட்டியதாலும் அம்மாக்கள் குப்பையில் போட்டதாலும்தான் அது அரிது, 1990-இல் யாரும் போடவில்லை. பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள், பிரித்து விளையாடட்டும்.

ரங்கூனில் கொண்டுவிக்கப் போயிருந்த எங்கள் ஐயாவின் டிரங்குப் பெட்டியில் சிகரெட் அட்டைகள் கிடைத்தன. கப்பல், கிரிக்கெட், சினிமா நடிகை எல்லாம் இருக்கிறது. அசலா, நகலா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, கண்டனூர்

இவை பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பெனிகள் போட்டவையாக இருக்கும். லட்சக்கணக்கில் அச்சானவை, ஒற்றை ஒற்றையாகப் பெரிய விலை வராது. முழு வரிசை இருந்தால் பேசலாம். வில்ஸ் கம்பெனி 1896-இல் போட்ட கிரிக்கெட் வீரர்கள் வரிசை என்றால் எனக்கு உடனே எழுதுங்கள்.

பார்ப்பதற்கு ஒரு நல்ல பூதக்கண்ணாடி போதும். படத்தைப் பார்க்காதீர்கள், பெயர் எழுத்தைப் பாருங்கள். பழைய அச்சில் எழுத்துக்குத் தனி மை, கோடு அடர்த்தியாக, முழுசாக நிற்கும். டி206-இல் வீரர் பெயர் இப்படித்தான் பழுப்பு மையில் இருக்கும். இந்தக் காலத்து நகலில் எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். வெளியே விற்கிற வாக்னர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பார்வையிலேயே விழுந்துவிடும்.

ஈரத்துணி, அழிரப்பர், லாமினேஷன் மூன்றையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் உரிக்கவேண்டாம், முன்பக்கம், பின்பக்கம், ஓரம் தெரிகிற மாதிரி ஆல்பத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள்.