பிரிட்டனின் பழைய டீசல் ஷண்டிங் இன்ஜின்கள்: கேட்டவையும் சொன்னவையும்

டீசலை ஏன் முதலில் யார்டில் விட்டார்கள்? எக்ஸ்பிரஸில் விடவில்லையே? (கல்லூரி மாணவர்)

வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலை, அதாவது ஷண்டிங், நடக்கும் யார்டில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், புரிந்துவிடும். இரண்டு வேகனைத் தள்ளும், நிற்கும், சிக்னலுக்குக் காத்திருக்கும். நீராவி இன்ஜின் காத்திருக்கும்போதும் நிலக்கரி தின்னும். டிரைவர், ஃபயர்மேன் என்று இரண்டு பேர் வேண்டும். டீசலுக்கு ஒரு டிரைவர் போதும், தண்ணீர் பிடிக்கவோ சாம்பல் அள்ளவோ போக வேண்டியதில்லை. பிரிட்டனின் எல்எம்எஸ் (லண்டன், மிட்லாண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) ரயில்வே 1930களிலேயே இதில் இறங்கியதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

முதல் இன்ஜின் எது? (மாடல் ரயில் செய்பவர்)

எல்எம்எஸ்ஸில் 1831 என்ற எண்ணுடையது. பழைய நீராவி இன்ஜின் சட்டத்தின் மேல் டீசலை ஏற்றிப் பார்த்த சோதனை வண்டி. எடுபடவில்லை. பிறகு நடமாடும் மின் உற்பத்தி வண்டியாக்கிவிட்டார்கள். 1930களின் நடுவில் ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் நிறுவனம், டீசல் இன்ஜின் தரும் மின்சாரத்தில் ஓடும் ஒரே மோட்டார் வைத்து, குறுக்குத் தண்டு வழியாகச் சக்கரத்தைச் சுழற்றியது. ஹாத்தார்ன் லெஸ்லி நிறுவனம், இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டீசல் இன்ஜினோடு இரண்டு மோட்டார்கள் வைத்தது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். 1945இல் எல்எம்எஸ்ஸும் அந்த அமைப்புக்கே திரும்பியது. பின்னால் 'கிளாஸ் 11' என்று பெயர் பெற்ற வகை அதுதான்.

மின்மோட்டார் இருக்கும்போது சக்கரங்களை இணைத்து வெளியே ஓடும் அந்தக் கம்பிகள் எதற்கு? நீராவி இன்ஜின் மாதிரி இருக்கிறதே! (பள்ளி ஆசிரியை)

நல்ல கேள்வி. மோட்டார்கள் முதல் அச்சிலும் மூன்றாம் அச்சிலும்தான். நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது, கம்பிதான் அதை இழுக்கிறது. மூன்று அச்சும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால் ஈரத் தண்டவாளத்தில் ஒன்று மட்டும் தனியே வழுக்கிச் சுழலாது. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: சக்கரங்கள் சட்டத்துக்கு உள்ளே மறைந்திருக்கும். வெளியே கிராங்கும் (அச்சின் முனையில் கம்பியைப் பிடித்திருக்கும் கை) கம்பியும் மட்டும், நாம் நடக்கும் வேகத்தில், மேலும் கீழும் போய்வரும்.

கிளாஸ் 08 என்பது வேறா? (கோவை வாசகர்)

அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை. 1952இல் இங்கிலாந்தின் டெர்பி பணிமனையில் முதல் வண்டி, எண் 13000. 1962க்குள் 996 வண்டிகள்! ஆறு சிலிண்டர், 350 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 680 சுற்று மட்டுமே. வேகம் மணிக்கு 15 முதல் 20 மைல், அவ்வளவுதான். ஆனால் ஏறத்தாழ 50 டன் எடை. இழுக்கிற இழுப்பு அதில்தான் இருக்கிறது. 'கிராங்க்' (Gronk) என்று ரசிகர்கள் செல்லமாகக் கூப்பிடுவது இதைத்தான்.

வெளிநாடு போனதா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

போனது, ஐயா. இரண்டாம் உலகப் போரில் எல்எம்எஸ் வகை இன்ஜின்கள் ராணுவத்தோடு எகிப்துக்கும் இத்தாலிக்கும் போயின. சிலவற்றை இத்தாலி ரயில்வே வைத்துக்கொண்டது. நெதர்லாந்தும் ராணுவம் கொண்டுவந்தவற்றை எடுத்துக்கொண்டு, அப்புறம் அதே வடிவத்தில் 600 வரிசையைத் தனக்கென்று வாங்கிக்கொண்டது.