காம்பாரி கஷாயம் மாதிரி கசக்கிறதே, காக்டெயிலில் இதை எப்படித்தான் ரசிக்கிறார்கள்?

முதல் தடவை எனக்கும் கஷாயம்தான். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த பாட்டில். மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஐஸ்கூட இல்லாமல் ஒரு மடக்கு குடித்துவிட்டு அப்படியே துப்பினேன். நிறத்தைப் பார்த்து ரோஸ் சர்பத் என்று நினைத்த அப்பத்தா, டம்ளரை மோந்து பார்த்துவிட்டு, "வேப்பம்பட்டைத் தண்ணிக்கா இம்புட்டுக் காசு குடுத்தான்?" என்றது.

அப்பத்தா சொன்னது பாதி சரி. மூலிகைகளையும் பழங்களையும் ஆல்கஹாலில் ஊறவைத்துச் செய்யும் சரக்குதான் இது. 1860-இல் இத்தாலியின் நொவாராவில் காஸ்பரே காம்பாரி உருவாக்கியது. சாப்பாட்டுக்கு முன்னால், பசியைக் கிளப்பக் குடிப்பார்கள். சுண்டவற்றலை யாராவது கைநிறைய அள்ளித் தின்போமா? குழம்பில் புளியோடும் நல்லெண்ணெயோடும் வந்தால்தான் அதற்கு மரியாதை. காம்பாரியும் அதே கணக்கு.

அதனால் எடுத்த எடுப்பில் நெக்ரோனி என்கிற காக்டெயிலுக்குப் போகாதீர்கள். அதில் ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றும் சம அளவு. தண்ணீர் என்று பார்த்தால் ஐஸ் உருகுவது மட்டும்தான். அமெரிக்கானோவில் (காபி இல்லை, காக்டெயில்) தொடங்குங்கள்: காம்பாரி 30 மி.லி., இனிப்பு வெர்மூத் 30 மி.லி., டம்ளர் நிறைய ஐஸ், மேலே சோடா. அதுவும் கசந்தால், காம்பாரிக்குப் பதிலாக ஊற்ற அதே மாதிரி இன்னொரு இத்தாலியச் சரக்கு, அபெரோல் இருக்கிறது. ஆல்கஹால் 11 சதவீதம்தான், கசப்பும் குறைவு. (எனக்கு அது கொஞ்சம் மிட்டாய் மாதிரி.) ஆரஞ்சுத் தோலை டம்ளருக்கு மேலே பிடித்து முறுக்கினால் எண்ணெய் தெறிக்கும், பாதி ருசி அந்த வாசனையில்தான். சாத்துக்குடித் தோலில் அது வரவில்லை, செய்து பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, வெர்மூத் ஒயினில் செய்வது. திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான் அலமாரியில் விட்டேன். எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரே மாதத்தில் புளித்த வாடை அடித்தது. அந்தக் குற்றத்தையும் காம்பாரி மேல்தான் போட்டேன்.

தொட்டுக்கொள்ள உப்பாக ஏதாவது வேண்டும். நாக்கில் உப்பு பட்டால் கசப்பு அடங்கும், உள்ளே இருக்கிற ஆரஞ்சு வாசனை மேலே வரும். போன தீபாவளிக்கு அதே மாடியில் அமெரிக்கானோ, பக்கத்தில் பொரித்த நெத்திலிக் கருவாடு. இரண்டு கருவாடு, ஒரு மடக்கு. மச்சான் வந்து பாட்டிலைத் தேடும்போது கால்வாசிதான் இருந்தது.