வரி நோட்டீஸை எடுத்துக்கொண்டு எந்தக் கூட்டத்துக்குப் போவது? – வாசகர் கேள்வி பதில்

சொத்து வரி, பகுதி சபா (நகரத்தில் ஒரு வார்டின் பகுதி மக்கள் கூடும் கூட்டம்), கிராம சபை பற்றி நிறைய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பலர் பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் யாருடையதையும் போடவில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நகராட்சிப் பகுதியில் 1,050 சதுர அடியில் சொந்த வீடு. முன்னறையில் என் மனைவி தையல் கடை வைத்திருந்தார். அதை மூடி ஆறு வருடம் ஆகிறது, இப்போது பேரன் அங்கேதான் படிக்கிறான். வரிக் கணக்கில் இன்னமும் கடை என்றே இருக்கிறது, போதாததற்கு இப்போது வந்த நோட்டீஸில் மொத்தப் பரப்பு 1,240 சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள். பகுதி சபாவில் எழுந்து சொன்னேன். 'பார்க்கலாம் சார்' என்றார் கவுன்சிலர். அடுத்து என்ன செய்வது?

ஐயா, நியாயம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் பகுதி சபா இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, எந்தத் தெருவில் முதலில் ரோடு போடுவது என்பதெல்லாம் அங்கே பேச வேண்டியவை. ஒரு தனி வீட்டின் வரியைக் குறைக்கும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கும் இல்லை, தனியாகக் கவுன்சிலருக்கும் இல்லை. அவர் 'பார்க்கலாம்' என்றதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உண்மையிலேயே அவர் கையில் ஒன்றும் இல்லை.

வரி எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கட்டிடத்தின் பரப்பு, தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, கட்டிடம் குடியிருப்பா வணிகமா தொழிற்கூடமா, அதன் வயது என்ன, நீங்களே குடியிருக்கிறீர்களா வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, இவற்றை வைத்து ஆண்டு வாடகை மதிப்பு என்று ஒன்றைக் கணக்கிட்டு அதன் மேல்தான் அரையாண்டு வரி போடுகிறார்கள். இதில் எது தவறாக ஏறினாலும் வரி ஏறும். உங்கள் விஷயத்தில் இரண்டு தவறாக ஏறியிருக்கின்றன.

அந்த இரண்டும் சின்ன விஷயமில்லை. வணிகத்துக்கான அடிப்படை விகிதம் குடியிருப்பைப் போலப் பல மடங்கு. சென்னையில் வெகுகாலம் குடியிருப்புக்குச் சதுர அடிக்கு 60 காசிலிருந்து 2.40 ரூபாய் வரையும் வணிகத்துக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரையும் இருந்தது, உங்கள் ஊரில் எண்கள் வேறாக இருக்கும், இடைவெளி இதே மாதிரிதான். அப்புறம், 2022 ஏப்ரல் சீராய்வில் சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று குடியிருப்புகளுக்கு வரியை ஏற்றினார்கள், வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீதம். 1,050 இருக்கும் வீடு 1,240 என்று பதிவானால் 50 சதவீதப் படியிலிருந்து 75 சதவீதப் படிக்கு ஏறிவிடும். ஆகவே உங்கள் கணக்கில் 1,240 எப்போது நுழைந்தது என்று பாருங்கள். 2022-லேயே நுழைந்திருந்தால் அப்போதிலிருந்தே கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள், தபாலில் வந்திருந்தால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை நாளுக்குள் ஆட்சேபம் தர வேண்டும் என்று நோட்டீஸிலேயே இருக்கும். நல்ல நியாயம் உள்ள மனுக்கள்கூட இந்த நாள் கடந்துபோனதால்தான் தள்ளுபடியாகின்றன, அதனால் ஆவணம் எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் மனுவைக் கொடுங்கள், மீதியைப் பின்னால் இணைக்கலாம்.

மனு நகராட்சி ஆணையருக்கு. ஒரு பக்கம் போதும். வரி விதிப்பு எண், நோட்டீஸ் தேதி, 'பரப்பு 1,240 அல்ல 1,050, முன்னறை இப்போது குடியிருப்பு, நேரில் வந்து என் முன்னிலையில் அளந்து திருத்தித் தரவும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 40 வருடம் வரி கட்டினேன், பென்ஷனில் வாழ்கிறேன் என்று நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதான், படிக்கும் எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை வைத்து அவர்களால் கணக்கைத் திருத்த முடியாது. அனுமதிக்கப்பட்ட வீட்டு வரைபடத்தின் நகல், முன்னறையின் படங்கள், மின்கட்டண ரசீது, இந்த மூன்றையும் இணையுங்கள். மின் ரசீதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைக்குத் தனி இணைப்பு இருந்து அது இன்னும் வணிகக் கட்டணத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் வாதம் அங்கேயே உட்கார்ந்துவிடும். அப்படியிருந்தால் முதல் வேலையாக மின்வாரியத்தில் அதை வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பித்து அந்த ரசீதையும் சேருங்கள். தையல் கடைக்குத் தொழில் உரிமம் வாங்கியிருந்தால் அது முடிந்துபோனதற்கான சான்றும் உதவும்.

மனுவின் நகலில் சீல், தேதி, கையெழுத்தோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். தபால் பிரிவில் தர மறுத்தால் பதிவுத் தபால். அளக்க வரும்போது நீங்கள் வீட்டில் இருங்கள், பேரனை வைத்து நீங்களும் ஒரு டேப்பில் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆணையர் உத்தரவிலும் திருத்தம் வரவில்லை என்றால் நகராட்சி மன்றத்தின் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. கவுன்சிலர்களைக் கொண்ட குழு அது. உங்கள் வார்டு கவுன்சிலரின் உதவி தேவைப்படுகிற இடமும் இதுதான்: மனு குழுவின் முன் வந்ததா, விசாரணை என்றைக்கு என்று கேட்டுச் சொல்ல அவரால் முடியும். அங்கே பேசக் கிடைப்பது சில நிமிடம். பரப்பு, பயன்பாடு, இரண்டையும் காட்டும் தாள், இவ்வளவு சொன்னால் போதும்.

இதற்கிடையில் வரியைக் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். நிலுவை இருந்தால் மேல்முறையீட்டையே எடுக்க மறுக்கலாம், தாமதத்துக்கு வட்டியும் ஏறும். 'ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்' என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். கட்டியதால் ஒப்புக்கொண்டதாக ஆகாது, திருத்தம் வந்தபின் கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளக் கேளுங்கள்.

கேள்வி: நகராட்சி மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாமா? வாசலில் இருப்பவர் அனுமதி இல்லை என்கிறார்.

பார்க்கலாம். மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்பதுதான் இங்கே நீண்டகாலமாக உள்ள விதி, தலைமை வகிப்பவர் காரணம் இருந்தால் வெளியேறச் சொல்லலாம். ஆனால் பார்க்க மட்டும்தான், எழுந்து பேச முடியாது. முந்தின நாளே அலுவலகத்தில் பார்வையாளராக வருவதாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் வாசலில் தகராறு இருக்காது. கூட்டப் பொருள் பட்டியலையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் போனால் 'பொருள் எண் 14 முதல் 37 வரை ஏகமனதாக நிறைவேறியது' என்று சில நொடியில் சொல்லி முடித்துவிடுவார்கள், உங்கள் தெருவுக்கு வரவேண்டிய பணம் அந்த 24-க்குள் எங்கே போனது என்றே தெரியாது.

கேள்வி: வருடா வருடம் 6 சதவீதம் வரி ஏறுகிறதாமே, இதற்கு மேல்முறையீடு செய்ய முடியாதா?

முடியாது. மேல்முறையீட்டுக் குழு உங்கள் வீட்டுக் கணக்கில் உள்ள தவறை மட்டும்தான் பார்க்கும், விகிதத்தைத் தொடாது. விகிதம் அரசாணையிலும் மன்றத் தீர்மானத்திலும் முடிவாகிறது. அதற்குப் பின்னால் 15-வது நிதிக்குழு வைத்த நிபந்தனை இருக்கிறது: நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும் என்று அது சொன்னது.

அதற்காக மக்கள் எதிர்ப்புக்கு மதிப்பே இல்லை என்று நினைக்காதீர்கள். 2018-ல் ஏற்றிய வரி, எதிர்ப்பு பலமாகவே, 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த தவணைகளில் சரிசெய்தார்கள். 2022-ல் மன்றங்கள் ஆட்சேபம் கேட்டு விளம்பரம் கொடுத்த பிறகுதான் இறுதித் தீர்மானம் போட்டன. அந்த விளம்பரம் நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்துபோய்விடும். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை வையுங்கள். பத்துப் பேர் கையெழுத்தோடு வரும் ஆட்சேபத்தை மன்றத்தின் பார்வைக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள், தீர்மானம் வந்த பிறகு போராடுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

முடிந்தவர்கள் ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டிவிடுங்கள், 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும், அதிகபட்சம் 5,000 ரூபாய்.

கேள்வி: பகுதி சபா என்கிறார்கள், வார்டு கமிட்டி என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் உறுப்பினராக இருப்பது பகுதி சபா. அந்தப் பகுதிகளின் பிரதிநிதிகளை வைத்துக் கவுன்சிலர் தலைமையில் கூடுவது வார்டு கமிட்டி. இதற்கான விதிகள் 2022-ல் வந்தன, அந்த வருடம் நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வர் மு.க. ஸ்டாலினே போய் உட்கார்ந்தார்.

பகுதிப் பிரதிநிதியை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. கவுன்சிலருக்கு வேண்டியவரே பிரதிநிதியாகவும் வந்தால் எங்கள் தெருவின் குறை எப்படி மேலே போகும் என்று கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. தேர்தல் வைக்கச் சொல்லித் தொடர்ந்து கேட்க வேண்டும். அதுவரை, சபாவில் பேசியதை ஒரு தாளில் எழுதி அங்கேயே அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் கிராம சபை நாளன்று பெண்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள், டீயும் பிஸ்கட்டும் தருகிறார்கள், அனுப்பிவிடுகிறார்கள். தீர்மானம் எப்போது எழுதுகிறார்கள் என்றே தெரியவில்லை. இப்போது தலைவரும் இல்லை, தனி அலுவலர்தான். நாங்கள் கேட்டால் மதிப்பார்களா?

அம்மா, மதித்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகள்தான் காலியாயின, கிராம சபை கலையவில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு.

உங்கள் கையெழுத்தை ஏன் வாங்குகிறார்கள் தெரியுமா? கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்ச ஆட்கள் வேண்டும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பது இதற்காகத்தான். அந்தக் கையெழுத்து இல்லாமல் அவர்களுடைய தீர்மானம் எதுவும் நிற்காது. அதைக் கொடுக்குமுன் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஒரு வாரத்துக்கு முன்பே நான்கைந்து பேர் சேர்ந்து, எந்தெந்த விஷயத்தைத் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று தனி அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள், நகலில் ஊராட்சி செயலரின் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தில் முதலில் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டு வரி எவ்வளவு வசூலானது, தண்ணீர்க் கட்டணம் எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு எத்தனை முறை பணம் எடுத்தார்கள், இந்தக் கேள்விகளுக்குப் பதில் அந்த வரவு செலவு நோட்டில் இருக்கும். கூட்டத்துக்கு மேலிடத்திலிருந்து பற்றாளர் என்று ஓர் அலுவலர் வந்திருப்பார், அவர் எழுந்து போவதற்குள் தீர்மானங்களை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து, அதற்குக் கீழே கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து என்றால் யாரும் போடாதீர்கள். தனியாக ஒருத்தி மறுத்தால் அவளை மட்டும் குறிவைப்பார்கள், வேலை அட்டையைக் காட்டிப் பயமுறுத்துவார்கள், அதனால் சுயஉதவிக் குழுவில் முன்னாடியே பேசி ஒன்றாகச் செய்யுங்கள்.

தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த நகலில் நீங்கள் பேசாத தீர்மானம் இருந்தால் அந்தத் தாளோடு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.

கேள்வி: மேல்முறையீட்டுக் குழுவும் கைவிரித்துவிட்டால் உயர் நீதிமன்றத்துக்கே போய்விடலாமா?

குழுவின் உத்தரவை எழுத்தில் வாங்கியபின் போகலாம். குழுவுக்கே போகாமல் நேராக ரிட் போட்டால், சட்டத்தில் உள்ள வழியை முதலில் முடித்துவிட்டு வாருங்கள் என்று பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வக்கீல் செலவுதான் மிச்சம். குழுவின் உத்தரவுக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் முறையிடும் வழியும் சட்டத்தில் உண்டு, உள்ளூர் வக்கீலிடம் அதை முதலில் விசாரியுங்கள். அரையாண்டு வரியில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் நீதிமன்றம் வரை போவது கட்டுப்படியாகாது, அடுத்த அரையாண்டு நோட்டீஸுக்குப் புதிய அளவு ஆவணத்தோடு மறுபடி ஆணையரிடமே மனு கொடுங்கள். ஆயிரக்கணக்கில் என்றால் தயங்காதீர்கள். எந்த நீதிமன்றமானாலும் முதலில் பார்ப்பது, நீங்கள் எந்தத் தேதியில் எந்த மனுவைக் கொடுத்தீர்கள், என்ன உத்தரவு வந்தது என்பதைத்தான். அந்தத் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி வக்கீலிடம் கொடுங்கள்.