இரண்டே முக்காலும் பதினோரு காலும்

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 2¾-ஐத் தகா பின்னமாக மாற்றும்போது ஒரு நாள் 11/4 என்கிறாள். மறுநாளே 2-ஐ 3-ஆல் பெருக்கி 4-ஐக் கூட்டி, 10/4 என்று எழுதுகிறாள். கேட்டால், "எதை எதோட பெருக்கணும்னு மறந்துடுதும்மா" என்கிறாள். எப்படிப் புரியவைப்பது? 'தகா' என்றால் தவறான பின்னமா?

பதில்: சூத்திரம் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும். முதலில் 2¾-ஐ வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'இரண்டே முக்கால்.' இரண்டும், அதோடு ஒரு முக்காலும். எழுத்தில் கண்ணுக்குத் தெரியாத கூட்டல் குறி, பேச்சில் அந்த 'ஏ'யாக வந்துவிடுகிறது.

அப்புறம் ஒரே நீளத்தில் மூன்று காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாதியாக மடித்துப் பிரித்தால் நான்கு கால்கள். மூன்றாவது பட்டையில் ஒரு காலைக் கிழித்து அப்புறப்படுத்துங்கள். மேசையில் மிச்சம் இருப்பது இரண்டே முக்கால். இனி மடிப்புக் கோட்டில் எல்லாவற்றையும் அவளே கிழித்து எண்ணட்டும்: நான்கு, எட்டு, அதற்கு மேல் மூன்று. மொத்தம் பதினோரு கால், அதாவது 11/4. ஒரு முழுவுக்கு நான்கு கால் என்பதால்தான் 2-ஐ 4-ஆல் பெருக்குகிறோம். 3 ஏற்கெனவே கால்களாகவே இருக்கிறது. அதைக் கூட்டினால் போதும். திரும்பப் போக, நான்கு நான்காக அடுக்கினால் இரண்டு முழு, மூன்று மீதி.

'தகா' என்பது வெறும் பெயர்தான். தொகுதி பகுதிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அது தகா பின்னம். 4/4 கூட அப்படித்தான். பெருக்கல் என்று வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

நான் வகுப்பில் திரும்பத் திரும்பத் திருத்திய கணக்கு ஒன்று: 3½ × 2½. முழுவை முழுவோடும் அரையை அரையோடும் பெருக்கி, 6¼ என்று எழுதிவிடுவார்கள். கட்டம் போட்ட நோட்டில் இரண்டு கட்டத்தை 1 என்று வைத்து, 7 கட்ட நீளம், 5 கட்ட அகலத்தில் ஒரு செவ்வகம் வரையச் சொல்வேன். ஒவ்வொரு கட்டமும் கால். மொத்தம் 35 கட்டம்; 7/2 × 5/2 = 35/4, அதாவது 8¾. 6¼ என்றவர்கள் எண்ணியது உள்ளே இருக்கும் 24 கட்டங்களும் மூலையில் இருக்கும் ஒன்றும் மட்டும். மேல் ஓரத்து 6, பக்க ஓரத்து 4, இந்தப் பத்தையும் விட்டுவிட்டார்கள். பத்து கால், இரண்டரை.